சாமர்ரா: சாவி யாரிடம் இருந்தது?

அன்புள்ள ஐயா,

வழிபாட்டிடங்களின் அழிவு பற்றிய உங்கள் குறிப்பில், இராக்கின் சாமர்ரா நகரிலுள்ள அஸ்கரி பள்ளிவாசலையும் ‘இழந்தவை’ வரிசையில் சேர்த்திருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். 2006இல் குண்டு வைத்துத் தகர்த்தது உண்மைதான். ஆனால் 2009லேயே குவிமாடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். பொன் தகடு வேய்ந்து, படங்களில் பழையதைவிடப் பளபளப்பாக நிற்கிறது. யாத்ரீகர்கள் லட்சக்கணக்கில் போகிறார்கள். பிறகு அதை இழந்ததாக எப்படிச் சொல்வது? கட்டடம் திரும்பி வந்துவிட்டால் இழப்பும் தீர்ந்ததாகத்தானே பொருள்? இதுதான் என் முதன்மையான கேள்வி.

சில துணைக் கேள்விகள்: அது பள்ளிவாசலா, தர்காவா? படங்களில் வரும் சுருள் கோபுரம் அதனுடையதா? இமாம் என்றால் தொழுகை நடத்துபவர்தானே, அவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய சமாதி?

மனதில் பட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷியாக்களும் சுன்னிகளும் 1400 வருடமாக வெட்டிக்கொண்டு சாகிறார்கள். தீராத பங்காளிச் சண்டை. வெளியாட்களாகிய நாம் இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? எங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்த மாதம் இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாமென்று இருக்கிறேன். ஐந்தாறு நூல்களைப் பரிந்துரைத்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
செ.
ஓசூர்

அன்புள்ள செ.,

துணைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பள்ளிவாசலும் அடக்கத்தலமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நம் ஊர் வழக்கப்படி தர்கா என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சுருள் கோபுரம் அதனுடையதில்லை. அது அப்பாஸிய கலீஃபா முதவக்கில் ஒன்பதாம் நூற்றாண்டில் கட்டிய பெரிய பள்ளிவாசலின் மினாரா. சுமார் 52 மீட்டர் உயரம், இன்னும் நிற்கிறது. ஷியாக்களுக்கு இமாம் என்பவர் நபியின் குடும்பத்தில் வந்த தலைவர். அப்படிப் பன்னிரண்டு பேர். பத்தாமவர் அலீ அல்-ஹாதியும் அவர் மகன் பதினோராமவர் ஹசன் அல்-அஸ்கரியும் சாமர்ராவில் அடங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டாமவர் அங்கிருந்துதான் மறைந்தார், திரும்பி வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. இவ்வளவு போதும்.

நூற்பட்டியல் தரப்போவதில்லை. பத்து நிமிடப் பேச்சுக்கு யாரும் ஐந்து நூல் படிப்பதில்லை; ஐந்து முன்னுரை படிப்பார்கள். அப்படிப் படித்துவிட்டு வந்து பேசியவர்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு நூலை எடுத்து முழுதாகப் படியுங்கள். எது என்று தேடிக் கண்டுபிடிப்பதும் படிப்பில் ஒரு பகுதிதான்.

உங்கள் முதன்மையான கேள்விக்கு வருவேன். ஆனால் இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத என்னை உட்காரவைத்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. ‘1400 வருடமாக வெட்டிக்கொண்டு சாகிறார்கள்.’

தம்பி, இதை எங்கே படித்தீர்கள்? எங்கேயும் படித்திருக்கமாட்டீர்கள். காற்றில் வந்திருக்கும். தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் சொல்லியிருப்பார், தேநீர்க் கடையில் ஒருவர் தலையாட்டியிருப்பார். படித்தவர்கள் நாவில் இது இவ்வளவு எளிதாகப் புரள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1400 வருடம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2006 பிப்ரவரியில் யார், எதற்காக, யார் சம்பளத்தில், என்ன சீருடையில் வந்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. எல்லாம் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது, முடிந்தது கதை. கொன்றவனுக்கு இதைவிட வசதியான வக்கீல் கிடைக்கமாட்டான்.

சண்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாக்தாதில் பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் ஷியாக்கள் வாழ்ந்த கர்க் பகுதி பலமுறை கொளுத்தப்பட்டது. முதவக்கிலே 850இல் கர்பலாவில் நபியின் பேரன் இமாம் ஹுசைனின் அடக்கத்தலத்தை இடித்துத் தரைமட்டமாக்கச் சொன்னவர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரேபியாவின் நஜ்து பகுதியிலிருந்து வந்த வஹ்ஹாபிப் படை கர்பலாவைச் சூறையாடியது. இவை எல்லாவற்றுக்கும் தேதி உண்டு, கட்டளையிட்டவன் பெயர் உண்டு, அரசியல் காரணம் உண்டு. நடுவே நூறு வருடம், இருநூறு வருடம் ஒன்றுமே நடக்காமல் மக்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் கிடந்திருக்கிறார்கள், பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்காத வருடங்களை யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் வரலாற்றைத் திறந்தால் வெட்டும் குத்துமாகவே தெரிகிறது.

சாமர்ரா இதற்கு மிகச் சரியான உதாரணம். பாக்தாதுக்கு வடக்கே ஏறத்தாழ 125 கிலோமீட்டரில், டைகிரிஸ் நதியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. 836 முதல் 892 வரை அப்பாஸியப் பேரரசின் தலைநகரம், துருக்கியப் படைவீரர்கள் நிறைந்த ராணுவ நகரம். முதவக்கில், அலீ அல்-ஹாதியை மதீனாவிலிருந்து வரவழைத்து இந்தப் படைநகரத்தில் கண்காணிப்பில் வைத்திருந்தார். இமாம் வெளியே போனால் யாராவது அவர் பின்னால் திரண்டுவிடுவார்களோ என்ற பயம். 868இல் இமாம் இறந்தபோது சொந்த வீட்டிலேயே அடக்கம் செய்தார்கள். 874இல் மகனும் அங்கேயே. காவலில் வைத்திருந்த வீடுதான் பின்னால் கோயிலானது. தலைநகரம் பாக்தாதுக்குத் திரும்பிப் போய், கலீஃபாக்களின் அரண்மனைகள் மண்மேடாகிவிட்டன. அந்த ஊரை ஊராக மிச்சம் வைத்தது கைதியின் வீடு.

இப்போது நான் சொல்ல வந்ததைக் கவனியுங்கள். சாமர்ரா ஒரு சுன்னி ஊர். நேற்று இன்றல்ல, நூற்றாண்டுகளாக. ஷியாக்களின் நான்கு பெரிய புனிதத் தலங்கள் இராக்கில் உண்டு: நஜஃப், கர்பலா, பாக்தாதை ஒட்டிய காழிமிய்யா, சாமர்ரா. முதல் மூன்றைச் சுற்றி ஷியாக்கள் வாழ்கிறார்கள். சாமர்ராவில் மட்டும் இமாம்களின் வீட்டைச் சுற்றி சுன்னிகள். அந்த அடக்கத்தலத்தின் சாவி, தலைமுறை தலைமுறையாக, அந்த ஊர் சுன்னிக் குடும்பங்களிடம் இருந்தது. அவர்களில் பலர் தங்களையும் நபியின் வழிவந்த சையதுகளாகச் சொல்லிக்கொள்பவர்கள். உள்ளே படுத்திருக்கும் இமாம் அவர்களுக்குத் தூரத்துப் பாட்டன். வெள்ளியழிக்குள் நான்கு கல்லறைகள். இரண்டு இமாம்கள், அலீ அல்-ஹாதியின் சகோதரி ஹகீமா, பன்னிரண்டாம் இமாமின் தாய் நர்ஜிஸ். ஈரானிலிருந்தும் லக்னோவிலிருந்தும் வந்த ஷியா யாத்ரீகர் அந்த அழியைப் பிடித்துக்கொண்டு அழுவார். விளக்கேற்றி, தரை கூட்டி, இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் கைகட்டித் தொழும் சுன்னியாக இருப்பார். வந்தவரைத் தங்கவைத்தது அவர் மச்சான் விடுதி, ஜெபமாலை விற்றது அவர் சித்தப்பா கடை.

அன்பினால் மட்டும் நடந்ததா என்று கேட்காதீர்கள். காசும் இருந்தது, கௌரவமும் இருந்தது, பக்தியும் இருந்தது. மூன்றையும் பிரித்துப் பார்ப்பது உங்கள் வயதுக்காரர்களின் வியாதி. ஒருவனுக்குப் பிழைப்பும் பயபக்தியும் ஒரே வாசலில் கிடைத்தால் அதில் என்ன குறைந்துவிட்டது?

கட்டடத்தைக் கட்டியவர்கள் வரிசையும் அப்படித்தான். பத்தாம் நூற்றாண்டில் முதல் குவிமாடம் எழுப்பியது ஹம்தானிய ஆட்சியாளர் நாசிருத்தவ்லா, ஷியா. அடுத்து புவைஹிகள், அவர்களும் ஷியா. பன்னிரண்டாம் இமாம் மறைந்ததாக நம்பப்படும் நிலவறைக்கு 1209-10இல் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த மரக்கதவு செய்து பொருத்தியவர் கலீஃபா நாசிர். சுன்னி உலகத்தின் கலீஃபா. அங்குள்ள மரவேலைப்பாட்டில் பன்னிரண்டு இமாம்களின் பெயர்களையும் செதுக்கச் சொன்னார். நாசிருக்கு ஷியாக்களை அணைத்துக்கொண்டு போகும் அரசியல் கணக்கு இருந்தது என்பார்கள். இருக்கட்டுமே. முதவக்கில் உட்கார்ந்த அதே சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர், முதவக்கில் காவலில் வைத்தவரின் வம்சத்தை அங்கே மரத்தில் எழுதிவைக்கிறார். உங்கள் 1400 வருடக் கணக்கில் இந்தக் கதவை எந்தப் பத்தியில் வரவு வைப்பீர்கள்?

இன்னொரு காலகட்டத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் கசப்பும் உண்டு. 1870களின் நடுவில் ஷியா உலகத்தின் தலைசிறந்த மார்க்க அறிஞர் மிர்ஸா ஹசன் ஷிராசி, நஜஃபை விட்டுச் சாமர்ராவுக்குக் குடிவந்தார். ஏன் வந்தார் என்பதற்குப் பத்துக் காரணம் சொல்கிறார்கள். மாணவர்கள் பின்னாலேயே வந்தார்கள், மதரஸா எழுந்தது, நதியின் மேல் பாலம் போட்டார். 1891 டிசம்பரில் ஈரானையே உலுக்கிய புகையிலைத் தடை ஆணை இந்தச் சின்ன ஊரிலிருந்து ஷிராசியின் பெயரில்தான் வெளிவந்தது. ஈரானியப் புகையிலை வியாபாரம் முழுவதையும் ஐம்பது வருடத்துக்கு டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு ஷா எழுதிக்கொடுத்துவிட்டார். ஷிராசி, புகையிலையைத் தொடாதே என்றார். ஷாவின் அந்தப்புரத்துப் பெண்களே ஹுக்காவை ஒதுக்கிவைத்தார்கள். அடுத்த மாதமே ஷா பின்வாங்கினார். (நம் ஊரில் ஒத்துழையாமை பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு தடவையாவது இந்தக் கதையைச் சொல்லக்கூடாதா என்று எனக்குப் பலநாள் ஆதங்கம்.)

ஒரு சுன்னி ஊரில் இவ்வளவு ஷியா மாணவர்கள் கூடினால் அப்போது இராக்கை ஆண்ட உஸ்மானிய அரசு சும்மா இருக்குமா? போட்டிக்குச் சுன்னி மதரஸா திறந்தது. உரசல் வந்தது, கைகலப்பும் வந்தது. அப்போது பிரிட்டிஷ் தூதர் ஷியாக்களுக்காகத் தலையிட முன்வந்ததாகவும், ஷிராசி அவரைச் சந்திக்கவே மறுத்ததாகவும், இது எங்களுக்குள் உள்ள விஷயம் என்று சொல்லி அனுப்பியதாகவும் ஷியா மரபில் பெருமையாகச் சொல்வார்கள். 1895இல் ஷிராசி இறந்தார். மாணவர்கள் நஜஃபுக்கும் கர்பலாவுக்கும் கலைந்து போனார்கள். ஊர் பழையபடி ஆனது. சாவி அதே குடும்பங்களிடம் இருந்தது. ஒரு கலவரம் வந்த பிறகும் ஏற்பாடு குலையவில்லை. சண்டையே வராத ஊரைப் புகழ்வதில் என்ன இருக்கிறது? சண்டை வந்தும் மறுநாள் காலையில் கடை திறந்த ஊரைப் பற்றிப் பேசுகிறேன்.

இனி 2006.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2004 தொடக்கத்தில், இராக்குக்கு வந்திருந்த ஜோர்டான்காரர், ஆயுதக்குழுத் தலைவர் அபூ முஸ்அப் அல்-சர்காவி எழுதியதாக ஒரு கடிதத்தை அமெரிக்கர்கள் வெளியிட்டார்கள். அதன் சாரம் இதுதான்: ஷியாக்களை அடிக்க வேண்டும், அவர்கள் திருப்பி அடிக்க வேண்டும், அப்போதுதான் தூங்கிக்கொண்டிருக்கும் சுன்னிகள் விழித்து நம் பக்கம் வருவார்கள். செ., இதை நிதானமாகப் படியுங்கள். அவர் குறைப்பட்டுக்கொள்வது சுன்னிகள் தூங்குகிறார்கள் என்று! தீப்பெட்டியோடு ஒருவன் வீடு தேடி வருகிறான் என்றால், அந்த வீடு அதுவரை எரிந்துகொண்டிருக்கவில்லை என்றுதானே பொருள்?

அடித்தார்கள், அடித்தார்கள், இரண்டு வருடம் அடித்தார்கள். சந்தைகளில், ஊர்வலங்களில், வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசைகளில் குண்டுகள். அப்போதும் இராக்கிய ஷியாக்களின் மூத்த மார்க்க அறிஞர் சீஸ்தானி பழிவாங்காதீர்கள் என்று தடுத்துக்கொண்டே இருந்தார். 2005 ஆகஸ்ட் 31 அன்று, காழிமிய்யாவுக்குப் போன யாத்ரீகர் கூட்டத்தில் தற்கொலைக் குண்டுதாரி புகுந்துவிட்டதாக ஒரு வதந்தி. பாலத்தில் நெரிசல். 900 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் டைகிரிஸில் விழுந்தார்கள். எதிர்க்கரையில் அதமிய்யா, சுன்னிப் பகுதி. அந்தக் கரையிலிருந்து இளைஞர்கள் நதியில் குதித்து ஷியா யாத்ரீகர்களை இழுத்துப் போட்டார்கள். உஸ்மான் என்ற பையன் ஒவ்வொருவராகக் கரை சேர்த்துவிட்டு மறுபடி இறங்கினான். கடைசியாகப் பிடித்தவரோடு மூழ்கிப் போனான். சாமர்ராவில் குண்டு வெடிப்பதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்தது இது.

2006 பிப்ரவரி 22, அதிகாலை. இராக்கியப் படையின் சீருடை அணிந்தவர்கள் வளாகத்துக்குள் நுழைந்தார்கள். காவலர்களைக் கட்டிப் போட்டார்கள். குவிமாடத்தைத் தாங்கும் இடங்களில் வெடிமருந்து வைத்தார்கள். ஏழு மணிக்குச் சற்று முன்னால் வெடித்தது. 20 மீட்டர் விட்டமும் 72,000 பொன் தகடுகளும் என்று சொல்லப்படும் அந்தக் குவிமாடம் உள்வாங்கிச் சரிந்தது. உள்ளே ஒரு உயிர்கூடப் போகவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது அன்று காலை அங்கே சாகிறவர்கள் இல்லை, அதற்குப் பிறகு சாகப்போகிறவர்கள். திட்டத்தை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஹைதம் அல்-பத்ரி சாமர்ராக்காரர், அல்-காயிதா ஆள். அதை மறைக்கவேண்டியதில்லை. அதே காலையில் சாமர்ரா மக்கள் வீதியில் திரண்டு அழுததும் கோஷம் போட்டதும் அதே அளவுக்கு உண்மை. அவர்களில் பெரும்பாலானவர்கள் சுன்னிகள். வெடித்தது அவர்கள் பாட்டன் வீடு, அவர்கள் கடைத்தெரு.

அத்வார் பஹ்ஜத் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அல்-அரபிய்யா தொலைக்காட்சியின் நிருபர், வயது முப்பதுகூட முடியவில்லை. சாமர்ராவில் பிறந்தவர். அப்பா சுன்னி, அம்மா ஷியா. முன்பு அல்-ஜஸீராவில் இருந்தார். அங்கே ஒரு நிகழ்ச்சியில் சீஸ்தானியை இழிவாகப் பேசியதாக எழுந்த பிரச்சினையில் வேலையை விட்டு வந்தவர். செய்தி கேட்டதும் சொந்த ஊருக்கு ஓடினார். ஊருக்குள் விடவில்லை, எல்லா வழியும் அடைத்தாகிவிட்டது. ஊர் எல்லையில் நின்றபடி நேரலை கொடுத்தார். கழுத்தில் இராக் நாட்டு வரைபட வடிவில் ஒரு பொன் பதக்கம். அதை எப்போதும் போட்டிருப்பார், பார்த்தவர்களுக்கு அவர் அடையாளமே அதுதான். சுன்னியோ ஷியாவோ அரபியோ குர்தோ, இந்த நாட்டுக்காக அஞ்சுவதில் இராக்கியர்களுக்குள் வித்தியாசம் இல்லை என்ற பொருளில் பேசினார். இருட்டிய பிறகு துப்பாக்கிக்காரர்கள் வண்டியில் வந்து அவரையும் ஒளிப்பதிவாளரையும் ஒலிப்பொறியாளரையும் சுட்டுக் கொன்றார்கள். மூன்று நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலத்தையும் விட்டுவைக்கவில்லை. அதையும் தாக்கி ஆட்களைக் கொன்றார்கள்.

உங்கள் வரியை அத்வாரின் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். 1400 வருடப் பகையாமே, நீங்கள் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்று கேளுங்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரிக்க மனம் வரவில்லை. சீஸ்தானி ஏழு நாள் துக்கம் அறிவித்தார், சுன்னிப் பள்ளிவாசல்களைத் தொடாதீர்கள் என்றார். இந்த முறை கேட்பார் இல்லை. அன்றே பாக்தாதிலும் பஸ்ராவிலும் சுன்னிப் பள்ளிவாசல்களைத் தாக்கினார்கள். அடையாள அட்டையில் உமர் என்றோ அலீ என்றோ பெயர் இருந்தால் சோதனைச் சாவடியில் உயிர் போனது. ஐ.நா. கணக்குப்படி 2006இல் மட்டும் 34,000க்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். கலந்து கிடந்த பாக்தாதின் தெருக்கள் ஷியாத் தெரு, சுன்னித் தெரு என்று பிரிந்தன. 2007 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஒரு சுன்னிப் பகுதியைச் சுற்றி 12 அடி உயரக் கான்கிரீட் சுவர் எழுப்பியது. எந்தப் பகுதி தெரியுமா? அதமிய்யா. நதியில் குதித்தார்களே, அவர்களுடைய பகுதி. அந்த ஜூன் 13 அன்று சாமர்ராவில் மிஞ்சியிருந்த இரண்டு மினாராக்களையும் தகர்த்தார்கள். அப்போதும் அங்கே காவல் இருந்தது.

இப்போது உங்கள் கேள்வி. கட்டடத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. நான் மறுக்கவே இல்லை. அந்தப் பொன் குவிமாடமே 1905இல்தான் முழுமையடைந்தது என்பார்கள். அதற்கு முன் பதினெட்டாம் நூற்றாண்டில் வடமேற்கு ஈரானின் கோய் நகரத்து ஆட்சியாளர்கள் வளாகத்தையே புதிதாக எடுத்துக் கட்டினார்கள், 1868இல் காஜார் மன்னர் நாசிருத்தீன் ஷா திருப்பணி செய்தார். ஆயிரம் வருடமாக இடிந்தும் கட்டியும் வந்த இடம். நூறு வருடக் குவிமாடம் போனால் இன்னொன்று வரும். யுனெஸ்கோவும் உதவியது, வந்தது. வடிவம் அதேதான், பொன்னும் பொன்தான். கட்டடக்கலை மாணவர்கள் பழைய செங்கல்லைப் பற்றிப் பேசிக்கொள்ளட்டும்.

சாவி திரும்பி வரவில்லை. நான் ‘இழந்தவை’ வரிசையில் எழுதியது அதைத்தான். நிர்வாகம் ஷியா வக்ஃப் அமைப்புக்குப் போனது. நியாயம்தானே என்பீர்கள். ஷியாக்களின் தலம், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அவர்கள் பயமும் எனக்குப் புரிகிறது. இரண்டு முறை இடித்த பிறகு எந்த நம்பிக்கையில் மறுபடி கொடுப்பார்கள்? 2014 ஜூனில் ஐஎஸ் கூட்டம் ஊர் வாசல்வரை வந்தபோது, தலத்தைக் காக்கத் தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கான ஷியா இளைஞர்கள் ஓடிவந்ததையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். அதன் பிறகு ஊரின் காவல் ஷியாத் தலைவர் முக்ததா அல்-சதரின் படையிடம் போனது. தலத்தைச் சுற்றிச் சுவர் எழுந்தது. பழைய கடைத்தெரு சுவருக்குள் மாட்டிக்கொண்டது. கடைகளும் விடுதிகளும் அடைந்தன. யாத்ரீகர் பேருந்தில் வருகிறார், சுவர்களுக்கு நடுவே நடந்து போகிறார், வணங்குகிறார், பேருந்தில் திரும்புகிறார். சாமர்ராக்காரன் முகத்தை அவர் பார்க்கவேண்டியதே இல்லை. சாமர்ராக்காரனும் ஆயிரம் வருடம் தான் விளக்கேற்றிய இடத்துக்குச் சோதனைச் சாவடி தாண்டிப் போகவேண்டியிருக்கிறது. சர்காவி 2006 ஜூனிலேயே அமெரிக்கக் குண்டில் செத்துப்போனார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

வெளியாட்களாகிய நமக்கு இதில் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நான் வெளியாள் இல்லை, செ. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் பக்கத்தில் முஹர்ரம் பத்தாம் நாளுக்கு அல்லாசாமிப் பண்டிகை என்று பெயர். காசவளநாடு புதூர் பண்டிகை வருடாவருடம் செய்தித்தாளில் வரும், பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் நடப்பது அவ்வளவு பெரிதில்லை. ஒரு சின்ன ஓட்டுக் கொட்டகை, வருடம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும். உள்ளே ஒரு மரப்பெட்டி. அதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றி பஞ்சா. உள்ளங்கை விரித்த மாதிரி உலோகக் கை. ஐந்து விரலும் நபி, அலீ, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. மிகப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் அந்தக் காலத்திலேயே முஸ்லிம் வீடு இரண்டோ மூன்றோதான், ஷியா ஒருவர்கூட இல்லை. பெட்டிச் சாவி எங்கள் தாத்தாவின் பங்காளி வீட்டில் ஆணியில் தொங்கும். அவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர்.

முஹர்ரம் பிறந்தால் அவர் கறி தின்னமாட்டார், வீட்டில் நல்ல காரியம் பேசவிடமாட்டார். பத்தாம் நாள் முன்னிரவில் பஞ்சாவை எடுத்து, புளி போட்டுத் துலக்கி, பட்டும் பூவும் சுற்றி ஒருவர் தூக்கிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வீடு குடத்தில் தண்ணீர் எடுத்து அவர் காலில் ஊற்றுவார்கள். ஆச்சி பானகம் கரைத்து வைத்திருப்பாள், ஏலக்காய் தூக்கலாக. பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவர் வந்து பாத்தியா ஓதுவார். விடிகிற நேரத்தில் தீக்குழி. முடிந்ததும் சாம்பலை எடுத்துக் குழந்தைகள் நெற்றியில் இடுவார்கள். யாருக்காக அழுகிறோம் என்று ஆச்சியிடம் கேட்டால், ‘தண்ணி குடுக்காம கொன்னுட்டானுவடா, பச்சப் புள்ளையோட’ என்பாள். கர்பலாவின் வரலாறு அவளுக்கு அந்த ஒரு வரிதான். ஷியா, சுன்னி எதுவும் தெரியாது. தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுக்காத பாவத்தை யாராவது ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது அழுது கழிக்கவேண்டும் என்று மட்டும் தெரியும். சாமர்ராவில் அடங்கியிருப்பவர்கள் அந்த ஹுசைனின் பேரன் வழிதான்.

போன மாதம் ஊரிலிருந்து தம்பி பேசினான். பெட்டிச் சாவி இருந்த வீட்டுப் பெரியவர் போய்ப் பல வருடமாகிறது, பிள்ளைகள் சிங்கப்பூரில். இந்த வருடம் கொட்டகைக்கு வெள்ளையடிக்க வரி போட்டால், சில இளவட்டங்கள் தகராறு செய்தார்களாம். ‘அது நம்ம சாமியா, அவங்க சாமிக்கு நாம எதுக்குக் காசு குடுக்கணும்?’ அந்தப் பக்கம் பாத்தியா ஓதவந்த பெரியவரின் பேரனும், இதெல்லாம் மார்க்கத்தில் கிடையாது, இனி யாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டானாம். இரண்டு பக்கமும் படித்த பிள்ளைகள். தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் அவனைப் பிடித்துத் திட்டிவிட்டேன், பாவம், அவன் என்ன செய்வான். அந்த வாரம் முழுக்க சாமர்ராவின் கடைத்தெருவை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது, ‘அவர்களுக்குள் பங்காளிச் சண்டை, நமக்கென்ன’ என்று. கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். உங்கள் பங்குக்கு மேலேயே வாங்கிக்கொண்டீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்கத் தோன்றியதைக் கேட்டீர்களே, அதற்காக எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. பலர் அதே வரியை மனதில் வைத்துக்கொண்டு என்னைப் புகழ்ந்து எழுதுவார்கள்.

பத்து நிமிடம் பேசுங்கள். மல்விய்யா என்கிற அந்தச் சுருள் கோபுரத்தின் படத்தைத் திரையில் போடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். முடிந்தால் கலீஃபா நாசிரின் கதவைத் தேடிப் போடுங்கள். அத்வாருக்கு மூன்று நிமிடமாவது ஒதுக்குங்கள்.

வெள்ளையடிக்கப் பணம் அனுப்பிவிட்டேன். சாவியைத் தம்பியே வாங்கி வைத்திருக்கிறான். அடுத்த முஹர்ரத்துக்கு ஊரில் இருப்பேன், வேலை இல்லாவிட்டால் நீங்களும் வாருங்கள். தீக்குழியில் இறங்கவேண்டியதில்லை, நானே இறங்கியதில்லை. பெட்டியைத் தூக்கத்தான் ஆள் குறைகிறது.

அன்புடன்